சொல்லாமல் போகும் மாணவர்கள்

ஆன்லைன் பட்டப்படிப்புக்கு அட்மிஷன் போடுவது சுலபம். சேர்ந்தவர்களைக் கடைசி செமஸ்டர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை?

அட்மிஷன் சீசன் வந்துவிட்டால் பேருந்தின் முதுகிலிருந்து யூடியூப் வரை ஆன்லைன் டிகிரி விளம்பரம்தான். ‘வேலை பார்த்துக்கொண்டே பட்டம்’, ‘வீட்டிலிருந்தபடியே எம்.பி.ஏ.’ என்று கூப்பிடுகிறார்கள். இதுவரை எத்தனை ஆயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். அவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி அந்தக் கணக்கைத் தானே பொதுவெளியில் வைத்தது. 2013, 2014 ஆண்டுகளில் நடந்த ஏழு பாடங்களின் மாணவர் பதிவுகளை, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையெல்லாம் நீக்கிவிட்டு, 2017-ல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. மொத்தம் 32,593 பதிவுகள். அவற்றில் பாதியில் விலகியவை 10,156. தோல்வி 7,052. தேர்ச்சி 12,361. சிறப்புத் தேர்ச்சி 3,024. கூட்டிப் பார்த்தால், கரை சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு.

இது ஏதோ லெட்டர்பேடு நிறுவனத்தின் கதை இல்லை. 1969-ல் அரச சாசனம் பெற்று, 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்து, தொலைநிலைக் கல்வியில் உலகத்துக்கே முன்னோடியாக நிற்கும் பல்கலைக்கழகம் அது. முன்தகுதி கேட்காமல் யாரையும் சேர்த்துக்கொள்ளும் கொள்கை அதனுடையது. அதற்கான விலையும் இந்த எண்ணில் இருக்கிறது. அதே 1971-ல்தான் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதில் இறங்கியது. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. ‘கரஸ்’ல டிகிரி முடித்து வங்கி அதிகாரியானவர், அரசுப் பணியில் பதவி உயர்வு பெற்றவர் என நம் குடும்பங்களில் ஒருவராவது இருப்பார். ‘கரஸ்ல சேர்ந்தேன், விட்டுட்டேன்’ என்று சொல்பவர்களும் அதே குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை.

தபாலில் வந்த பாடம் இன்று செல்போனில் வருகிறது. ஆனால் பாதியில் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இவர்களை நிறுத்திவைக்க முடியுமா என்று கடந்த இருபது ஆண்டுகளில் உலகின் பல பல்கலைக்கழகங்கள் முயன்று பார்த்திருக்கின்றன. அந்த அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. யார் நழுவப்போகிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கணினி போதும். நழுவுகிறவரைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும்.

மைனஸ் பத்தாம் நாள்

ஓப்பன் யுனிவர்சிட்டியின் அந்தத் தரவில் பாடம் தொடங்கும் நாளுக்குப் பூஜ்யம் என்று பெயர். பாடம் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போதே ஒருவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தால், அது மைனஸ் 10 என்று பதிவாகும். எந்த நாளில், எந்தப் பக்கத்தை, எத்தனை முறை கிளிக் செய்தார் என்பது ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. இப்படி ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள்.

ஒரு மாணவரின் வரிகளை மட்டும் பிரித்து நாள்வாரியாக அடுக்கினால் ஒரு தடம் தெரியும். தொடக்கத்தில் தினமும் வருகிறார். பாடப்பக்கம், வினாடி வினா, கலந்துரையாடல் பகுதி என்று எல்லா இடமும் போய்ப் பார்க்கிறார். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. அப்புறம் முகப்புப் பக்கத்தோடு சரி. உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறார். முதல் அசைன்மென்ட் தேதி நெருங்கும்போது ஒரு நாள் நிறைய கிளிக். தேதி தாண்டுகிறது. மதிப்பெண் கட்டத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வரிகளே இல்லை. விலகியதாக முறைப்படி எழுதிக் கொடுக்கும் தேதி பல வாரங்கள் கழித்து வரலாம், வராமலே போகலாம்.

பாடம் தொடங்கும் முன்பே விலகியவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். முதல் அசைன்மென்ட்டைக் கொடுக்காதவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாடத்தை முடிப்பதே இல்லை. செமஸ்டர் தேர்வு ஹாலில் எத்தனை நாற்காலி காலி என்று எண்ணிவிட்டுக் கவலைப்படுவதில் பயனில்லை என்பது இதிலிருந்து புரியும். நடந்தது முதல் மாதத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

கல்லூரியில் இதை மறைக்க முடியாது. மூன்று நாள் வராவிட்டால் பக்கத்து பெஞ்ச் பையன் போன் பண்ணுவான். ஒரு வாரம் வராவிட்டால் ஹெச்.ஓ.டி. அப்பாவுக்குப் போன் போடுவார். ஹாஸ்டல் வார்டன், கேன்டீன் அண்ணன் என்று விசாரிக்க நாலு பேர் இருப்பார்கள். ஆன்லைன் மாணவர் காணாமல் போனதைத் தெரிந்துவைத்திருப்பது சர்வர் மட்டும்தான்.

காரணம் பாடத்தில் இல்லை

மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்ற ஆராய்ச்சியில் வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளரின் பெயரைத் தவிர்க்க முடியாது. படிப்போடும், கூடப் படிக்கிறவர்களோடும் ஆசிரியர்களோடும் ஒட்டுதல் ஏற்படாத மாணவர் விலகிவிடுகிறார் என்று 1975-ல் அவர் எழுதினார். அது விடுதியில் தங்கிப் படிக்கும் இளைஞர்களை மனதில் வைத்துச் சொன்னது. பத்து ஆண்டு கழித்து, 1985-ல், ஜான் பீனும் பார்பரா மெட்ஸ்னரும் வேறொரு கூட்டத்தைப் பார்த்தார்கள்: வயது கூடியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பகுதி நேரமாகப் படிக்கிறவர்கள். இவர்களுக்குக் கல்லூரிக்குள் நடப்பதைவிட வெளியே நடப்பதுதான் படிப்பைத் தீர்மானிக்கிறது என்றார்கள். வேலை நேரம், வீட்டுச் செலவு, பிள்ளைகள், ஊக்கம் கொடுக்க ஒரு ஆள். இன்றைய ஆன்லைன் மாணவரைப் பற்றி எழுதியதைப் போலவே இருக்கிறது.

நம்மூரில் ஆன்லைனில் சேர்கிறவர்கள் யார் என்று பாருங்கள். டிப்ளமோ முடித்து ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிற பையன். கல்யாணத்தோடு படிப்பு நின்று, குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் விட்டதைப் பிடிக்க நினைக்கும் பெண். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி என்ற சொல்லைத் தொடுகிறவர். இவர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. நேரம்தான் இல்லை, அதைவிட, சந்தேகம் கேட்க ஆள் இல்லை.

நழுவல் இப்படித்தான் தொடங்கும். ஒரு வாரம் விட்டுப்போகிறது. ‘ஞாயித்துக்கிழமை உக்காந்து ரெண்டு வாரத்தையும் சேத்துப் பாத்துடலாம்’ என்று நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டு விசேஷம் வந்துவிடும். மூன்றாவது வாரம் லாகின் செய்தால் பார்க்காத வீடியோக்களின் எண்ணிக்கைதான் முதலில் கண்ணில் படும். அதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். நான்காவது வாரம் லாகின் செய்யவே மனம் வராது. வீட்டில் கேட்டால் ‘படிச்சிட்டுதான் இருக்கேன்’ என்பார். கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற ஒரே குறுஞ்செய்தி, ஃபீஸ் கட்டச் சொல்லும் நினைவூட்டலாக இருக்கும்.

‘இவர்கள் நேரடிக் கல்லூரியில் சேர்ந்தாலும் இப்படித்தான் விட்டிருப்பார்கள்’ என்று சொல்வதற்கும் இடமில்லை. நேரடி வகுப்பு, ஆன்லைன் இரண்டும் நடத்தும் ஒரு பெரிய அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வந்தது. ஒரு பாடத்தை நேரில் படிக்காமல் ஆன்லைனில் எடுத்தபோது மதிப்பெண் இறங்கியது. அந்தப் பாடத்தில் மட்டுமில்லை, அடுத்து எடுத்த பாடங்களிலும். பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து இருக்கும் வாய்ப்பும் குறைந்தது. அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்கள்: பலருக்கு ஆன்லைனைத் தவிர வேறு வழியே இல்லை. அதனால்தான் ஆன்லைனை மூடிவிடுவது பதிலாகாது.

சிவப்பு, மஞ்சள், பச்சை

கணினி முதலில் களத்தில் இறங்கிய கதைகளில் பிரபலமானது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2007-ல் அங்கே ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற மென்பொருள் வந்தது. மதிப்பெண், பாடத்தளத்தில் செலவிடும் முயற்சி, முந்தைய படிப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, மாணவருக்குப் போக்குவரத்து சிக்னல் போலச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்குக் காட்டும். சிக்னல்ஸ் உள்ள பாடங்களை இரண்டு அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் மிக அதிக விகிதத்தில் தங்கிவிட்டார்கள் என்று அறிவித்தார்கள். உலகமே கைதட்டியது.

2013-ல் மைக் கால்ஃபீல்டு, ஆல்ஃபிரட் எஸ்ஸா ஆகிய இரு விமர்சகர்கள் கணக்கைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு மாணவர் எத்தனை காலம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாரோ, அத்தனை சிக்னல்ஸ் பாடங்களை எடுக்க வாய்ப்பு வரும். முதல் செமஸ்டரிலேயே விலகியவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. 90 வயதைத் தாண்டியவர்கள் மற்றவர்களைவிட அதிக தீபாவளி கொண்டாடியிருப்பார்கள். அதனால் தீபாவளி கொண்டாடினால் ஆயுள் கூடும் என்று சொன்னால் எப்படியோ அப்படி இருந்தது பர்டியூவின் கணக்கு. ‘எங்கள் ஏ.ஐ. மென்பொருளை வாங்கினால் இடைநிற்றல் பாதியாகக் குறையும்’ என்று இன்று பல்கலைக்கழகங்களின் கதவைத் தட்டும் நிறுவனங்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: யாரோடு ஒப்பிட்டீர்கள்?

ஓப்பன் யுனிவர்சிட்டியும் ஒரு கருவியை வைத்திருக்கிறது. ‘ஓ.யு. அனலைஸ்’ என்று பெயர். அடுத்த அசைன்மென்ட்டை யார் கொடுக்காமல் போகக்கூடும் என்று வாராவாரம் கணித்து, ஆசிரியர் திரையில் பட்டியல் போடும். கணிப்பு மோசமில்லை. ஆனால் அங்கே வேறு ஒரு சிக்கல் தெரியவந்தது. பட்டியலைத் தொடர்ந்து திறந்து பார்த்த ஆசிரியர்களின் மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். பல ஆசிரியர்கள் பட்டியலைத் திறக்கவே இல்லை. நேரமில்லை, நம்பிக்கையில்லை, சிவப்பு என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. விளக்கு எரிவதால் மட்டும் யாரும் பாஸாகிவிடுவதில்லை.

போன் அடித்தபோது

அமெரிக்காவில் எரிக் பெட்டிங்கர், ரேச்சல் பேக்கர் என்ற இரு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்த ஒரு பரிசோதனை இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுகிறது. பல கல்லூரிகளைச் சேர்ந்த 13,555 மாணவர்கள்; பெரும்பாலும் வயது கூடியவர்கள், வேலை பார்ப்பவர்கள். குலுக்கல் முறையில் இவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒரு பயிற்றுநர். அவர் பாடம் நடத்தமாட்டார். முக்கியமாக போனில் பேசுவார். இந்த வாரம் எப்படிப் போனது, வேலையில் என்ன, நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள், யாரிடம் உதவி கேட்கலாம் என்று பேசுவார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அழைப்பு வராதவர்களில் 58 சதவிகிதம் பேர் படிப்பில் இருந்தார்கள்; அழைப்பு வந்தவர்களில் 63 சதவிகிதம் பேர். பயிற்றுநர் பேசுவதை நிறுத்தி ஓராண்டு ஆன பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

ஐந்து சதவிகிதம்தானா என்று தோன்றலாம். குலுக்கல் முறையில் பிரித்ததால் இது நம்பக்கூடிய ஐந்து. ஆயிரம் பேர் சேரும் ஒரு படிப்பில் ஐம்பது குடும்பங்கள். உதவித்தொகைக்குச் செலவிடும் பணத்தைவிட இதற்குச் செலவிடும் பணம் அதிகம் வேலை செய்கிறது என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. ஓப்பன் யுனிவர்சிட்டியில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆர்மண்ட் சிம்ப்சனும் இதையே வேறு வழியில் கண்டார். தேறும் வாய்ப்பு குறைவாகத் தெரிந்தவர்களுக்குப் பாடம் தொடங்கும் முன்பே ஒரு போன் அழைப்பு. அது மட்டுமே சில சதவிகிதப் புள்ளிகளை உயர்த்தியது.

அதற்கு நேர்மாறாக, ஆள் இல்லாமல் ஆட்டோமேட்டிக்காகச் செய்யும் தூண்டுதல்கள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ரெனே கிசில்செக் தலைமையில் சுமார் 250 இலவச இணையப் பாடங்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இரண்டரை ஆண்டுகள் நடந்த பரிசோதனையின் முடிவு 2020-ல் வந்தது. ‘எப்போது, எங்கே உட்கார்ந்து படிப்பேன் என்று திட்டம் எழுதுங்கள்’ என்பது போன்ற சின்னச் சின்னப் பயிற்சிகள். முதல் சில வாரங்கள் சுறுசுறுப்பு கூடியது. படிப்பை முடித்தவர்களின் எண்ணிக்கை பொதுவாக அசையவில்லை.

போன் அழைப்பு என்றால் எல்லா அழைப்பும் ஒன்றில்லை. எடுத்துக்காட்டாக, இரண்டு உரையாடல்களை வைத்துப் பார்க்கலாம்.

“ஏன் அசைன்மென்ட் போடல? லாஸ்ட் டேட் முடிஞ்சு நாலு நாள் ஆச்சே?”

“போட்டுடறேன் மேடம்.”

“சரி, சீக்கிரம் போடுங்க.”

அழைப்பு முடிந்தது, பதிவேட்டில் ‘மாணவரிடம் பேசப்பட்டது’ என்று டிக் விழுந்தது. இப்போது இன்னொன்று.

“வணக்கம்ங்க, உங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மென்ட்டார் பேசறேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா? எந்த வாரம் வரைக்கும் வீடியோ பாத்திருக்கீங்க?”

“மூணாவது வாரம் வரைக்கும் மேடம். அதுக்கப்புறம் ஷிஃப்ட் மாத்திட்டாங்க. லைவ் கிளாஸ் நேரத்துல நான் வேலையில இருப்பேன்.”

“ரெக்கார்டிங் எங்க இருக்குன்னு தெரியுமா?”

“ரெக்கார்டிங் இருக்கா மேடம்?”

இரண்டாவது அழைப்பில்தான் பிரச்னை வெளியே வருகிறது. பதிவு இருக்குமிடத்தைக் காட்டி, அசைன்மென்ட்டுக்கு ஒரு வாரம் கூடுதல் அவகாசம் வாங்கிக்கொடுத்து, அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி பேசுவதாகச் சொன்னால் அவர் நிற்க வாய்ப்பு இருக்கிறது. இதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை. பொறுமையும், அவகாசம் தரும் அதிகாரமும் வேண்டும். பல இடங்களில் போன் செய்கிறவருக்கு அந்த அதிகாரம் இருப்பதில்லை.

நான்கு வாரச் சோதனை

நழுவிய பிறகு பிடிப்பது ஒரு வழி. நழுவ முடியாதபடி படிப்பை அமைப்பது இன்னொரு வழி. இதற்குச் சென்னையிலேயே பார்க்கத்தக்க உதாரணம் இருக்கிறது.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020 ஜூனில் அறிவித்த தரவு அறிவியல் ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர ஜே.இ.இ. எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. விண்ணப்பித்தவர்களுக்கு நான்கு வாரம் உண்மையான பாடமே நடத்துகிறார்கள். வாராவாரம் அசைன்மென்ட். அதில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மட்டும் தகுதித் தேர்வு. அதுவும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தப் படிப்பு தன் வாழ்க்கைக்குள் அடங்குமா என்பதை மாணவர் முழுக் கட்டணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்கிறார். முதல் மாதத்தில்தான் பலரும் நழுவுகிறார்கள் என்றால், அந்த முதல் மாதத்தைச் சேர்க்கைக்கு முன்னால் நகர்த்திவிட்டார்கள்.

சேர்ந்த பிறகும் பாடத்துக்குப் பாடம் கட்டணம். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுப்பது என்பதை மாணவரே முடிவு செய்யலாம். வேலை நெருக்கினால் ஒன்றிரண்டு போதும். அடித்தளச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி., நான்கு ஆண்டு பி.எஸ். என்று படிப்படியாக இறங்குமிடங்கள் இருக்கின்றன. பாதியில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குக் கையில் ஒரு சான்று இருக்கும். ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, மாணவர்களைப் பிரித்து வைத்திருக்கும் ‘ஹவுஸ்’ முறை. பிச்சாவரம், நீலகிரி, வயநாடு, சுந்தரவனம் என்று காடுகளின் பெயர்கள். முகம் பார்க்காத ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே ‘நான் பிச்சாவரம்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம். ‘பாரடாக்ஸ்’ என்ற விழாவுக்காகச் சென்னை வளாகத்துக்கே வந்து கூடுகிறார்கள். டின்டோ சொன்ன ஒட்டுதலைத் திரைக்கு உள்ளேயும் உருவாக்கும் முயற்சி இது. பாட்டு, கூத்து என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பக்கத்து பெஞ்ச் இல்லாத மாணவருக்குப் பக்கத்து பெஞ்ச் கிடைப்பது இங்கேதான்.

சின்னப் பாக்கி, பெரிய நஷ்டம்

பணம் இல்லாமல் போகிறவரை எந்த ஆறுதல் பேச்சும் நிறுத்தாது. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இதை 2011 வாக்கில் கவனித்தது. அது ஆன்லைன் பல்கலைக்கழகம் இல்லை என்றாலும் பாடம் எல்லோருக்கும் பொது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள், பட்டத்துக்கு இன்னும் சில பாடங்களே பாக்கி உள்ளவர்கள், சில நூறு டாலர் கட்டண நிலுவைக்காகப் பதிவிலிருந்து நீக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகமே அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்து, தகுதியானவர்களின் நிலுவையைச் சிறு மானியமாகக் கட்டிவிட்டது. சராசரித் தொகை ஆயிரம் டாலருக்கும் குறைவு.

இதில் முக்கியமானது தொகையைவிட முறை. மாணவர் விண்ணப்பம் போட்டு, வருமானச் சான்றிதழ் இணைத்து, மூன்று கையெழுத்து வாங்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. நெருக்கடியில் இருப்பவர்தான் படிவம் நிரப்புவதில் கடைசியாக இருப்பார். உதவி அவரைத் தேடிப் போனது. அந்த மாணவர் தங்கினால் மிச்சக் கட்டணம் பல்கலைக்கழகத்துக்கு வரும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

நிறுத்திவிட்டு வரலாம்

எல்லா விலகலையும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பிரசவம், வீட்டில் நோயாளி, வெளிநாட்டு வேலை என்று வாழ்க்கை குறுக்கே வரும்போது ஆறு மாதம் நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். சிக்கல் என்னவென்றால், முறைப்படி நிறுத்தாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அரியர் சேருகிறது, தாமதக் கட்டணம் சேருகிறது. திரும்பி வர நினைக்கும்போது பாடத்திட்டமே மாறியிருக்கிறது.

2021-ல் தொடங்கப்பட்ட அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் இதற்கு ஒரு வழியைத் திறந்திருக்கிறது. தேறிய பாடங்களின் கிரெடிட் மாணவரின் கணக்கில் சேமிப்பாக நிற்கும். அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்குள் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் விலகப்போகும் நேரத்தில் ‘விட்டுவிடாதீர்கள், நிறுத்திவையுங்கள், திரும்பி வர இதுதான் வழி’ என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால்தான் இந்த ஏற்பாட்டால் பயன்.

பட்டியலின் இருட்டுப் பக்கம்

யார் விலகக்கூடும் என்று தெரிந்துவைத்திருப்பது இரண்டு பக்கமும் வெட்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மவுன்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் அப்படி நடந்தது 2016-ல் வெளியே வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு கருத்துக்கேட்புப் படிவம் கொடுக்கப்பட்டது. அதன் உதவியோடு, தடுமாறக்கூடியவர்களில் இருபது, இருபத்தைந்து பேரை ஆண்டுக் கணக்கெடுப்புத் தேதிக்கு முன்பே வெளியே அனுப்பினால் தக்கவைப்பு விகிதம் அழகாகத் தெரியும் என்பது அன்றைய தலைவரின் யோசனை. மாணவர் பத்திரிகை அதை அம்பலப்படுத்தியது. தலைவர் சில வாரங்களில் பதவி விலகினார்.

கணினியின் கணிப்பில் மாணவரின் வயது, முந்தைய படிப்பு, வசிக்கும் பகுதியின் வறுமை நிலை போன்றவையும் சேரலாம்; ஓப்பன் யுனிவர்சிட்டி வெளியிட்ட தரவிலேயே அந்த விவரங்கள் உண்டு. ஏழைப் பகுதியிலிருந்து வருகிறவர் ஒரு பாடம்கூடத் தொடங்கும் முன்பே சிவப்பில் நிற்கும் ஆபத்து இருக்கிறது. ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு ‘இவர் எப்படியும் போகப்போகிறவர்’ என்று முடிவுகட்டினால் கணிப்பே பலித்துவிடும். அதனால்தான் அந்தப் பல்கலைக்கழகம் மாணவர் தரவை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று 2014-லேயே ஒரு நெறிமுறையை வெளியிட்டது. இந்தியாவில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. நம் ஆன்லைன் பல்கலைக்கழகங்களும் சேர்க்கையின்போதே மாணவரிடம் இதைப் புரியும்படி சொல்ல வேண்டும்: உங்கள் லாகினைக் கவனிப்போம், நீங்கள் தடுமாறினால் போன் செய்வதற்காக.

சேரும் முன் கேளுங்கள்

சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் மாணவரும் குடும்பமும் கேட்க வேண்டியவை சில உண்டு. கடந்த பேட்ச்சில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர்? ஒரு மென்ட்டாருக்கு எத்தனை மாணவர்? சந்தேகம் கேட்டால் எத்தனை நாளில் பதில் வரும்? லைவ் வகுப்பின் பதிவு கிடைக்குமா? ஒரு செமஸ்டர் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் என்ன கட்டணம்? இடையில் விலகினால் சான்றிதழ் உண்டா?

சேர்ந்த பிறகு மாணவர் செய்யக்கூடியவை: முதல் பருவத்தில் பாடங்களைக் குறைத்து எடுப்பது, கூடப் படிக்கிற இரண்டு பேரின் எண்ணையாவது வாங்கி வைத்துக்கொள்வது, முதல் அசைன்மென்ட்டை, பாதிதான் தெரிந்தாலும், கொடுத்துவிடுவது. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கையில் போனோடு உட்கார்ந்திருக்கும் மருமகள் படித்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் அடுப்படியிலிருந்து கூப்பிடாமல் இருந்தால் போதும்.

கணக்கு யாருடையது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ம் ஆண்டு விதிகள் ஆன்லைன் படிப்புகளில் 250 மாணவர்களுக்கு ஒரு பாட மென்ட்டார் என்று வரையறுக்கின்றன. ஓப்பன் யுனிவர்சிட்டியில் ஒரு ஆசிரியரின் குழுவில் சுமார் இருபது பேர். நம் நாட்டின் கட்டணத்தில் இருபதுக்கு ஒருவரை வைக்க முடியாது என்று நிர்வாகங்கள் சொல்லும். சரி, 250-ஐயே வைத்துக் கணக்குப் போடுவோம்.

250 பேருக்கும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பேச 2,500 நிமிடம் ஆகும். ஏறக்குறைய 42 மணி நேரம். ஒரு முழு வார வேலை. பாடச் சந்தேகம், திருத்தும் பணி எல்லாவற்றுக்கும் நடுவே எந்த மென்ட்டாராலும் இது ஆகாது. கணினி இங்கேதான் உதவ வேண்டும். இந்த மாதம் கவனிக்க வேண்டிய ஐம்பது பேரை அது பிரித்துக் கொடுத்தால், 500 நிமிடம். எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். மாதத்தில் ஒரே ஒரு வேலை நாள்.

மென்ட்டாரின் பணி அட்டவணையில் அந்த ஒரு நாளை எழுதி வைத்து, அதற்குச் சம்பளமும் கொடுத்து, ஒரு வார அவகாசம் தரும் அதிகாரத்தையும் கையில் கொடுத்துவிட்டால் வேலை தொடங்கிவிடும். அப்படி நிற்கிற ஒவ்வொரு மாணவரும் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டுவார். புதிதாக ஒருவரைச் சேர்க்கப் பேருந்தின் முதுகில் விளம்பரம் ஒட்டுவதைவிட, ஏற்கெனவே சேர்ந்தவருக்கு ஒரு போன் அடிப்பது செலவு குறைவு. இதை நிதிப் பிரிவில் இருப்பவர்களுக்குப் புரியவைக்கக் கல்வியியல் தத்துவம் எதுவும் வேண்டாம்; அவர்கள் தினமும் போடுகிற கூட்டல் கழித்தலே போதும்.